கோலமாவில் அளந்த ஓவியங்கள்

ஓர் இன்ச் டேப், சணல் கயிறு, அரைப்படி கோலமாவு. இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போங்கள். அதற்கு முன்னால் போனால் தரை காலைச் சுடும்.

முதலில் 2 அடி 6 அங்குல உயரம், 1 அடி 9 அங்குல அகலத்தில் ஒரு கட்டம் போடுங்கள். அது மோனாலிசா, 77 × 53 செ.மீ. அதே மூலையிலிருந்து 16 அடி உயரம், 23 அடி 6 அங்குல அகலத்தில் இன்னொரு கட்டம் இழுங்கள். அது தியோடர் ஜெரிக்கோ 1818-19-இல் வரைந்த 'மெதூசாவின் தெப்பம்', 491 × 716 செ.மீ. மூலை சரியாக வருவதற்குக் கொத்தனார் கணக்கே போதும். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையே 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி.

இப்போது அந்தப் பெரிய கட்டத்துக்குள் நடந்து பாருங்கள். கைபேசித் திரையில் இந்த இரண்டு ஓவியங்களும் ஒரே அளவில்தான் வந்து நிற்கும். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். மதுரையில் உட்கார்ந்து ஐரோப்பிய ஓவியம் படிக்கும் மாணவர்கள் மறுமலர்ச்சி, பரோக், ரொக்கோகோ என்று பாணிகளின் பெயரை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டு, ஒன்று ஏன் இன்னொன்றாக மாறியது என்று கேட்டால் திகைப்பதற்கு இது ஒரு காரணம். அளவும் தெரியவில்லை, மேற்பரப்பும் தெரியவில்லை. மிச்சம் இருப்பது உருவம் மட்டும்தான். எதை வைத்து வரைந்தார்கள், எங்கே மாட்டினார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்ற மூன்றும்தான் பாணியை மாற்றின. இதில் முதலாவதை நம் வீட்டிலேயே கையால் கலக்கிப் பார்த்துவிடலாம்.

முட்டையிலிருந்து தொடங்குவோம். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பலகை ஓவியத்துக்கு வண்ணத்தைப் பிடித்து வைத்தது முட்டை மஞ்சள் கரு. இதுதான் டெம்பரா. மஞ்சள் கருவை வெள்ளையிலிருந்து பிரித்து, உள்ளங்கையில் வைத்து ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றி உருட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் காலியான கையைத் துணியில் துடைத்துக்கொள்ள வேண்டும். மேல் ஈரம் போனதும் இரண்டு விரலால் தோலைத் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியால் குத்தி, கருவை மட்டும் கிண்ணத்தில் வடிய விடுங்கள். தோல் உள்ளே விழக்கூடாது. விழுந்தால் தூரிகையில் நூல் நூலாக வரும். ஒரு கருவுக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர். காவிப் பொடியைத் தனியே தண்ணீர் விட்டுத் தோசைமாவுப் பதத்துக்குக் கண்ணாடிமேல் அரைத்துக்கொண்டு, அந்த விழுது எவ்வளவோ அதே அளவு கருவைச் சேருங்கள்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கண்ணாடித் துண்டில் ஒரு இழுப்பு இழுத்து, காய்ந்ததும் பிளேடால் சுரண்டுங்கள். தோல் மாதிரி ஒரே ஏடாக உரிந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்காக மினுங்கினால் கரு அதிகம். நம் ஊர் வெயிலுக்குக் கலந்த கரு அன்றைக்கு மட்டும்தான். அடுத்த நாள் நாறிவிடும்.

பூசும் தளமும் முக்கியம். தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரத்தை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடாக்குங்கள். பசை கொதித்துவிட்டால் பிடிப்புப் போய்விடும். அதில் வெள்ளை சாக் தூளை மெல்லத் தூவி, குமிழ் வராமல் கிளறி, பிளைவுட் பலகையில் ஆறிலிருந்து எட்டுப் பூச்சு, ஒன்றை ஒன்று குறுக்காக. கடைசிப் பூச்சில் பசை அதிகமானால் பலகை முழுக்க மயிரிழை வெடிப்பு விடும். கடையில் டப்பாவில் வரும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற தளப்பூச்சு இதற்கு உதவாது. அது ஈரத்தை உறிஞ்சாது, டெம்பரா அதன்மேல் பிடிக்காமல் உரிந்து வரும்.

இப்போது அந்தப் பலகையில் ஒரு கன்னத்தின் வளைவை வரைந்து பாருங்கள். முடியாது. தூரிகையை எடுத்த சில நொடிகளிலேயே வண்ணம் காய்ந்துவிடும், அதனால் ஈரத்தோடு ஈரமாகக் குழைக்க வழியில்லை. மெல்லிய கோடுகளை அருகருகே அடுக்கித்தான் நிழல் கொண்டுவர வேண்டும். போட்டிசெல்லியின் 'வீனஸின் பிறப்பு' ஏன் கோட்டால் ஆனதாக இருக்கிறது, அதில் நிழல் ஏன் அவ்வளவு மெலிசு என்பது அந்த நொடியில் உங்கள் விரலுக்கே புரிந்துவிடும். ரசனைக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் முட்டைக்கும் பங்கு உண்டு.

ஆளி விதை எண்ணெய் இதற்கு நேர் எதிர். அது தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அதற்கு நாள் கணக்கில் ஆகும். அந்த நாட்கள்தான் ஓவியனுக்குக் கிடைத்த பரிசு. யான் வான் எய்க்தான் எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தார் என்று பல காலம் எழுதிவந்தார்கள். அது சரியில்லை. ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைச் சுவர்களில் 7-ஆம் நூற்றாண்டிலேயே காயும் எண்ணெய் கலந்த வண்ணம் இருக்கிறது. வான் எய்க் செய்தது வேறு. வெள்ளைத் தளத்தின்மேல் கண்ணாடிபோன்ற மெல்லிய எண்ணெய்ப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். வெளிச்சம் உள்ளே போய் வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும். 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியின் படத்தில் அந்தப் பச்சை உடை உள்ளிருந்து ஒளிர்வது அதனால்தான். லியோனார்டோ அதே எண்ணெயை வைத்து விளிம்புகளைக் கரைத்தார். மோனாலிசாவின் உதட்டோரத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று பெரிதாக்கித் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

எண்ணெயில் ஒரு விதியை மட்டும் மீறக்கூடாது. கீழே எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம். முதல் பூச்சுக்கு டர்பெண்டைன் கலந்துகொள்ளலாம், மேலே போகப்போக எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் இறுகி, அடியில் இருப்பது பிறகு அசையும்போது வெடிக்கும். அம்பர் பழுப்பு ஓரிரு நாளில் காய்ந்துவிடும், டைட்டானியம் வெள்ளைக்கு ஒரு வாரமாவது வேண்டும். ஐப்பசி அடைமழையில் இன்னும் இழுக்கும். பழைய ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை விஷம், அதைத் தேடிப் போகாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு வெளிப்படும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

சுவரில் வரைவது தனிக் கலை. ஈரச் சுண்ணாம்பில் வண்ணம் வைத்தால் சுண்ணாம்பு இறுகும்போது வண்ணத்தையும் கல்லோடு கல்லாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் சாந்து பூசுவார்கள். சிஸ்டைன் கூரையை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை இப்படி நாள் நாளாகத்தான் முடித்தார். லியோனார்டோவுக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. மிலானில் 'கடைசி விருந்து' வரையும்போது காய்ந்த சுவரில் நிதானமாகத் தீட்டினார். அவர் உயிரோடிருக்கும்போதே அது உரியத் தொடங்கிவிட்டது.

மறுமலர்ச்சியின் அடுத்த பெரிய கருவி பெர்ஸ்பெக்டிவ், அதாவது தட்டையான தாளில் தூரத்தைக் காட்டும் முறை. இதைப் பழகத் திருமலை நாயக்கர் மகாலைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு. தூண்வரிசையின் நடுவில், இரண்டு பக்கமும் தூண்கள் தெரியும்படி சம்மணமிட்டு உட்காருங்கள். உங்கள் கண் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். தாளில் அடிவானக் கோடு அந்த உயரத்தில்தான் வர வேண்டும். தூண்களின் மேல்முனைகளும் அடிமுனைகளும் அந்தக் கோட்டில் ஒரே மறைபுள்ளிக்குப் போய்ச் சேரும். 1435-இல் ஆல்பெர்ட்டி நூல் கட்டிய ஒரு சட்டத்தைப் பற்றி எழுதினார். அதை நாமும் செய்யலாம். அட்டைச் சட்டத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டி, 2 செ.மீ. கட்டங்கள் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பாருங்கள். தலை ஓர் அங்குலம் நகர்ந்தாலும் எல்லாக் கோடும் பிசகும்.

அடுத்த தூண் எவ்வளவு தள்ளி வரும் என்பதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். கண்மதிப்பில் சமமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள், மண்டபம் சரிந்து நிற்கும். முதல் இரண்டு தூணைப் போட்டதும், இரண்டாம் தூணின் நடு உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால் அது அடிக்கோட்டைத் தொடும் இடம்தான் மூன்றாம் தூண். இப்படியே கடைசித் தூண்வரை போகலாம்.

அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றை யோசியுங்கள். இந்த முறை பார்ப்பவரை ஓர் இடத்தில் கட்டிப் போடுகிறது. 1427 வாக்கில் மசாச்சோ ஃபிளாரன்ஸில் வரைந்த 'திரித்துவம்' முழுதாகத் திறப்பது அதன் எதிரில் சரியான இடத்தில் நிற்பவருக்குத்தான். நம் நாயக்கர் காலச் சுவரோவியத்தில் கதை பட்டை பட்டையாக ஓடும், கீழே எழுத்து இருக்கும், நடந்துகொண்டே பார்க்கலாம். அங்கே பெர்ஸ்பெக்டிவ் இல்லை என்பதை ஒரு குறையாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நடக்கிற கண்ணுக்கு மறைபுள்ளி எதற்கு?

மறுமலர்ச்சியின் உச்சத்துக்குப் பிறகு மேனரிசம் வந்தது. கழுத்தும் விரலும் வேண்டுமென்றே நீண்டன. பார்மிஜியானினோவின் நீள் கழுத்து மேரியைப் பார்த்தால் போதும். 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் தேவாலயப் படங்கள் மக்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பரோக் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது.

இங்கே காலத்தைப் பொருத்திப் பார்க்க மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' 1642, வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' 1656. மகாலின் சுதைவேலை நடந்ததும் ஆம்ஸ்டர்டாமிலும் மாட்ரிட்டிலும் இந்த எண்ணெய் காய்ந்ததும் ஒரே தலைமுறையில். இப்படி ஒருமுறை சேர்த்துப் பார்த்துவிட்டால் ஆண்டு மறக்காது.

பரோக்கின் வெளிச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர் கரவாஜியோ. அவர் கையால் வரைந்த மாதிரிப் படம் ஒன்றுகூட இன்று இல்லை. கருமையான தளத்தில் கூர்முனையால் கீறிக் குறித்துக்கொண்டு நேரே வண்ணத்துக்குப் போனார். 1599-1600-இல் ரோமில் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' படத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு வெளிச்சக் கற்றை, மிச்சமெல்லாம் இருட்டு. அந்த இருட்டைப் பெரும்பாலும் தளமே தருகிறது.

இதைச் செய்ய 30 × 40 செ.மீ. கேன்வாஸ் அட்டை போதும். பர்ன்ட் அம்பரில் கொஞ்சம் செங்காவி சேர்த்து, டர்பெண்டைன் விட்டு நீர்க்கக் கலந்து, பழைய பனியன் துணியால் அட்டை முழுக்கத் தேயுங்கள். இரண்டு நாள் காயட்டும். ஒரு பித்தளைச் சொம்பு, பிளந்த மாதுளை, ஒரு முழம் மல்லி. எல்லா ஜன்னலையும் போர்வையால் மூடி ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். சாக்குக்கட்டியால் உருவத்தைக் குறித்துக்கொண்டு, வெளிச்சம் படும் இடத்தை மட்டும் வெள்ளையும் மஞ்சள் காவியும் கலந்து தீட்டுங்கள். நிழலைத் தொடவே வேண்டாம், தளமே நிழலாக நிற்கட்டும். கறுப்பு டியூபைக் கையில் எடுத்தால் படம் கெட்டது. நிழல் கரி அப்பியதுபோலச் செத்துவிடும். சுத்த வெள்ளை கடைசியில், சொம்பின் கழுத்தில் ஒரு புள்ளி, மாதுளை முத்தில் ஒன்றிரண்டு. அதற்கு மேல் வைத்தால் எதுவும் மின்னாது.

ஐரோப்பியக் கையேடுகள் எல்லாம் வடக்கு ஜன்னலைத் திற என்று சொல்லும். அங்கே வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அநேகமாக விழாது, நாள் முழுக்க வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடுவரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் வெயில் அடிக்கும், அரைமணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும். அப்போது தெற்கு ஜன்னலைப் பயன்படுத்துங்கள். கையேட்டை நம்பி ஆனி மாதத்தில் வடக்கைத் திறந்துவிட்டு, நிழலைத் துரத்தி அலுத்துப்போகிறவர்கள் அதிகம்.

பரோக்குக்குப் பிறகு பிரான்சில் ரொக்கோகோ. அரண்மனையிலிருந்து பிரபுக்களின் வரவேற்பறைக்கு ஓவியம் இறங்கியது, அளவு சுருங்கியது, நிறம் வெளிறியது. ஃப்ராகோனாரின் 'ஊஞ்சல்' அதன் முகம். 1704-06 வாக்கில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த பிரஷ்யன் நீலம் விலைமதிப்பான பழைய நீலக்கல்லுக்கு மாற்றாக வந்ததும் இந்தக் காலத்தில்தான். எனக்கு இந்தப் பாணியில் அதிகம் சொல்லத் தோன்றவில்லை.

1748-இல், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெய்யில் அகழாய்வு தொடங்கியது. பழைய ரோமின் மேல் ஆசை பெருகி, புதுச்செவ்வியல் பிறந்தது. டாவிட் 1784-இல் முடித்த 'ஹொராத்தியரின் உறுதிமொழி' படத்தை ஓர் அச்சில் எடுத்து, தரைக்கல்லின் கோடுகள்மேல் ஸ்கேல் வைத்து நீட்டுங்கள். எல்லாம் வாள்களைப் பிடித்திருக்கும் அப்பாவின் கைக்கே போகும். பின்னால் மூன்று வளைவு, முன்னால் மூன்று கூட்டம். தூரிகைத் தடம் எங்கேயும் தெரியாது. உணர்ச்சியைக் கணக்குக்குள் அடக்கும் வேலை இது.

ரொமான்டிக் ஓவியர்கள் அந்த அடக்கத்தை உடைத்தார்கள். மாடியில் நாம் போட்ட பெரிய கட்டத்துக்குத் திரும்புவோம். 1816-இல் மெதூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் தரைதட்டி, தெப்பத்தில் விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள். நேற்றைய செய்தித்தாள் விஷயத்தை அரசர்களுக்கும் புராணத்துக்கும் ஒதுக்கிய அளவில் ஜெரிக்கோ வரைந்தார். ஆனால் ஆழமான கருமை வேண்டும் என்று அவர் சேர்த்த பிட்டுமன் படத்தைக் கெடுத்தது. அது தார் வகை, முழுதாக ஒருபோதும் இறுகாது. மேலே உள்ள வண்ணத்தை இழுத்து முதலைத் தோல்போல வெடிக்க வைக்கும், வருடம் போகப்போகக் கறுக்கும். இன்றைக்கு அந்தப் படம் ஜெரிக்கோ விட்டுச்சென்றதைவிட இருண்டிருக்கிறது. பழைய ஆழம் வேண்டும் என்று யாராவது பிட்டுமன் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பர்ன்ட் அம்பரோடு அல்ட்ராமெரின் நீலம் கலந்தால் அதே கருமை வரும், வெடிக்காது.

இந்தக் காலத்து ஐரோப்பியக் கண் மதுரையையும் பார்த்தது. 1792-இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இங்கே வந்து மகாலையும் கோயிலையும் வரைந்து, பிறகு லண்டனில் செம்புத்தகட்டு அச்சுகளாக வெளியிட்டார்கள். அந்த அச்சுகளில் ஆட்களைக் கவனியுங்கள். கட்டடம் எவ்வளவு பெரிது என்று காட்ட ஓர் அளவுகோலாக மட்டும் நிற்கிறார்கள், முகம் இல்லை.

அந்தச் சிறிய ஆட்களைப் பெரிதாக்கியதுதான் எதார்த்தவாதம். இடையில் சில பொருள்கள் மாறின. 1839-இல் டாகேரின் புகைப்பட முறை வெளிவந்தது. 1841-இல் ஜான் ராண்ட் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை கலந்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்து, குத்திப் பிழிந்து, ஆணியால் அடைப்பார்கள். சீக்கிரம் கெட்டுவிடும். டியூப் வந்ததும் வண்ணம் வயலுக்குப் போனது. அரசியலும் மாறியது: 1848-இல் பாரிஸில் புரட்சி.

குஸ்தாவ் கூர்பே தன் ஊரான ஓர்னானில் நடந்த ஒரு சாவை 1849-50-இல் வரைந்தார். 315 × 668 செ.மீ. மாடியில் 10 அடி 4 அங்குலம், 21 அடி 11 அங்குலம் என்று இழுங்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் கிட்டத்தட்ட ஆளுயரத்தில் ஒரே வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் குழி. வானத்திலிருந்து ஒளி இல்லை, தேவதை இல்லை, நாயகனும் இல்லை. பார்வை எங்கே நிற்பது என்றே தெரியாது. மேட்டுநிலத்தின் கோடு பெரும்பாலோரின் தலைக்கு மேலேயே ஓடி அவர்களை மண்ணோடு அழுத்துகிறது. வண்ணத்தைப் பல இடங்களில் கத்தியால் அப்பியிருக்கிறார், சுண்ணாம்புச் சுவர்போல. 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக் குழு இதை ஏற்காதபோது பக்கத்திலேயே தன் செலவில் கொட்டகை போட்டு, எதார்த்தவாதம் என்று பெயரெழுதி மாட்டினார்.

மிலேயின் 'கதிர் பொறுக்குவோர்' சின்னது. 83.5 × 110 செ.மீ., 1857. சோழவந்தான் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தில் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தியின் கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருப்பதைப் பாருங்கள். குனிந்து குனிந்து வலித்த இடுப்பு அது. மூன்று பெண்களும் பெரும்பாலும் அடிவானத்துக்குக் கீழேயே அடங்குகிறார்கள். பின்னால் வெளிச்சத்தில் போர் போராக விளைச்சல், ஓரத்தில் குதிரைமேல் கண்காணி. பணக்காரரின் விளைச்சலுக்கு வெயில், இவர்களுக்கு நிழல். அதை மிலே வாயால் சொல்லவில்லை, வெளிச்சத்தால் சொன்னார்.

கடைசியாக ஒரு கட்டம். 5 அடி 5 அங்குல உயரம், 8 அடி 5 அங்குல அகலம். கூர்பே 1849-இல் வரைந்த 'கல் உடைப்போர்', சுமார் 165 × 257 செ.மீ. 1945-இல் டிரெஸ்டன் பக்கம் போரில் அழிந்துவிட்டது. அசலை இன்று புகைப்படங்களில்தான் பார்க்கலாம். அதனால் இதன் அளவைத்தான் நாம் திரும்ப எழுப்ப முடியும். மேலூர்ப் பக்கச் சாலையோரத்தில் சல்லி உடைத்த வேலைதான் படத்திலும். வலப்பக்கம் வயதானவர் ஒரு முழங்காலை ஊன்றிச் சுத்தியலை ஓங்குகிறார், தொப்பி முகத்தை மறைக்கிறது. இடப்பக்கம் ஓர் இளைஞன் கல் நிறைந்த கூடையைத் தொடையில் ஏந்தித் தூக்குகிறான், நமக்கு முதுகு காட்டி. உயரமான ஒருவரையும் ஒரு பையனையும் அழைத்து, கட்டத்துக்குள் அதே நிலையில் ஐந்து நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கடியில் ஒரு மடித்த சாக்கு போட்டுக்கொள்ளலாம். படத்தில் வயதானவரும் அதேபோல வைக்கோல் பரப்பித்தான் முழங்காலை ஊன்றியிருக்கிறார்.